அப்பாவுக்கு அக்கி வந்திருக்கு, எதனால வருது இது? சூடா, தொத்தா?

காவேரிக்கரை_34 (புதன், மதியம்)

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதறேன் கோச்சுக்காதீங்க. அப்பாவுக்கு 66 வயசு, கும்பகோணம் பக்கத்துல கிராமம், கொஞ்சம் நெலம் இருக்கு, இன்னும் வயலுக்குப் போய்ட்டுதான் இருக்கார். போன சனிக்கிழமை ராத்திரி இடது பக்கம் நெஞ்சுக்குக் கீழ சுருக்கு சுருக்குனு குத்துது, எரியுதுன்னு எழுந்து உக்காந்துட்டார். நாங்க வேற என்ன நெனப்போம், ஹார்ட்டுதான்னு பதறிப்போய் கார் புடிச்சு டவுனுக்கு ஓடினோம். ஈசிஜி எடுத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க, ஹார்ட்ல ஒண்ணும் இல்ல கேஸா இருக்கும்னு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. ஞாயிறு திங்கள் ரெண்டு நாளும் வலி போகல, சட்டை பட்டாலே மொளகாய அரைச்சு தேச்ச மாதிரி இருக்குங்கறார், ஆனா தோல்ல பாத்தா ஒண்ணுமே இல்ல, நாங்களும் வயசாச்சு பயப்படறார்னு விட்டுட்டோம். நேத்து சாயங்காலம் குளிக்கறப்ப அம்மா முதுகு தேய்க்கப் போனப்பதான் பாத்தாங்க, முதுகெலும்பு பக்கத்துலேருந்து அக்குளுக்குக் கீழ வந்து மார்பு வரைக்கும் செவந்துபோயி கொத்து கொத்தா கொப்புளம், பட்டையா பெல்ட்டு கட்டின மாதிரி. இடது பக்கம் மட்டும்தான்.

அம்மா பாத்ததுமே அக்கின்னுட்டாங்க. இப்ப வீட்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அம்மா சொல்றது அக்னி நட்சத்திரத்துல வெயில்ல நின்ன சூடு. பெரியம்மா சொல்றது எட்டுக்கால் பூச்சி ஏறியிருக்கும், பானை செய்யற வேளார் வீட்டுக்குப் போயி காவி மண்ணுல அக்கி எழுதிட்டு வந்துடுங்கன்னு. அத்தை என்னடான்னா எதிர்வீட்டுப் பையனுக்கு மாசி மாசம் அம்மை போட்டுச்சு, அங்கேருந்துதான் வந்துச்சுன்னு அவங்க கூட சண்டைக்கே போய்ட்டாங்க.

என் கேள்வி ரெண்டு. ஒண்ணு, நெஜமாவே இது எதனால வருது? ரெண்டாவது, தங்கச்சி ஏழு மாசம், வளைகாப்புக்கு அடுத்த வாரம் வர்றா. அவ இங்க வரலாமா வேணாமா? அதான் பெரிய கவலை.

ரிடையர்டு_சிஸ்டர் (புதன், மதியம்)

தம்பி, மொதல்ல ஒண்ணு, கொப்புளம் நேத்து சாயங்காலம்தான் தெரிஞ்சுதுன்னா இன்னிக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, இதப் படிச்சு முடிச்சுட்டுன்னு இல்ல, கெளம்பிக்கிட்டே படிங்க. அக்கிக்கு வைரஸ் மாத்திரை இருக்கு, அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர்னு. கொப்புளம் தெரிஞ்ச 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாதான் நல்லா கேக்கும். தோல் டாக்டர்தான் வேணும்னு இல்ல, பொது மருத்துவர் போதும். கிட்னி எப்படின்னு பாத்துட்டுதான் டோஸ் போடுவாங்க, அதனால கடையில நீங்களா வாங்கிக் குடுக்காதீங்க.

இப்ப கேள்விக்கு வர்றேன். 31 வருஷம் வார்டுல வேலை பாத்தவ நான், இந்தக் கேள்விய எத்தன பேர் கேட்டிருப்பாங்கன்னு கணக்கே இல்ல. அப்பாவுக்கு சின்ன வயசுல அம்மை போட்டிருக்கான்னு பாட்டிகிட்டயோ அத்தைகிட்டயோ கேளுங்க. கட்டாயம் போட்டிருக்கும். அந்த அம்மைதான் இது. புதுசா எங்கேருந்தும் வரல.

சின்னம்மைய உண்டாக்கற வைரஸுக்கு வேரிசெல்லா ஜோஸ்டர்னு பேரு. அம்மை போட்டு, கொப்புளம் எறங்கி, வேப்பிலை போட்ட தண்ணிய தலைக்கு ஊத்தி, அம்மா எறங்கிட்டான்னு கூழு ஊத்திடறோம் இல்லையா. ஆத்தா எறங்கினது உண்மை, ஆனா வீட்ட விட்டுப் போகல. நரம்பு வழியா உள்ள போயி முதுகுத்தண்டு ஓரத்துல இருக்கற நரம்பு முடிச்சுல படுத்துக்கும். முப்பது வருஷம், அம்பது வருஷம் சத்தமே இல்லாம படுத்திருக்கும். நம்ம ஒடம்புல இருக்கற எதிர்ப்பு சக்தி, அதுலயும் டி செல்னு சொல்ற வெள்ளை அணுக்கள், வாசல்ல உக்காந்து காவல் காத்துக்கிட்டே இருக்கும். அந்தக் காவல் எப்ப தளருதோ அப்ப உள்ள இருக்கறது எழுந்திரிக்கும். எழுந்து, எந்த முடிச்சுல படுத்திருந்துதோ அந்த நரம்பு வழியாவே தோலுக்கு வரும். அதனாலதான் ஒரு பக்கம் மட்டும், பட்டையா. முதுகெலும்புலேருந்து கெளம்பற ஒவ்வொரு நரம்புக்கும் ஒடம்புல ஒரு பட்டை ஏரியா இருக்கு, பக்கத்து வயலுக்கு வரப்பு போட்ட மாதிரி. நடுக்கோட்ட தாண்டி அந்தப் பக்கம் போறது ரொம்ப அபூர்வம்.

கொப்புளத்துக்கு முன்னாடியே வலி வந்துது பாருங்க, அதுக்கும் இதான் காரணம். வைரஸ் நரம்புக்குள்ள முழிச்சு வந்துக்கிட்டு இருக்கு, நரம்பு வீங்குது, தோலுக்கு இன்னும் வந்து சேரல. அந்த ரெண்டு மூணு நாள்ல நெஞ்சு வலி, கிட்னி கல்லு, வாயு, கழுத்துப் புடிப்புன்னு எதுன்னு வேணும்னாலும் நெனச்சுக்கலாம். உங்க டாக்டர திட்டாதீங்க, கொப்புளம் வராம யாராலயும் கண்டுபிடிக்கறது கஷ்டம். ஈசிஜி எடுத்துப் பாத்தது சரிதான், இடது பக்க நெஞ்சு வலியெல்லாம் எவ்ளோ தடவ வந்தாலும் எடுத்துத்தான் பாக்கணும்.

சரி, காவல் ஏன் தளருது? வயசுதான் மொதல் காரணம், 50 தாண்டினாலே சான்ஸ் கூடிக்கிட்டே போகும். அப்புறம் கட்டுப்பாட்டுல இல்லாத சுகரு, கேன்சர் மருந்து, ஸ்டீராய்டு, எச்ஐவி, கிட்னி மாத்தினவங்க சாப்பிடற மாத்திரை. சில பேருக்கு ஒரு காரணமும் இல்லாமலே வரும், அதையும் சொல்லிடறேன். அப்பாவுக்கு சுகர் இருக்கா? வேற ஏதாவது மாத்திரை எடுத்துக்கறாரா?

தங்கச்சி விஷயம், அவளுக்கு சின்ன வயசுல அம்மை போட்டிருந்தா பயமே வேணாம். போடலன்னா, இல்ல தெரியலன்னா, பேறுகால டாக்டர்கிட்ட கேட்டு ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாம், அம்மைக்கு எதிர்ப்பு சக்தி இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுடும். இல்லேன்னு வந்தா அப்பாவோட கொப்புளம் எல்லாம் காஞ்சு பொருக்கு தட்டற வரைக்கும் தள்ளி இருக்கட்டும். அக்கிக்காரங்ககிட்டேருந்து அக்கி தொத்தாது. கொப்புளத் தண்ணி பட்டா, இதுவரைக்கும் அம்மையே வராதவங்களுக்கு அம்மை வரலாம், அவ்ளோதான். ஆனா கர்ப்பிணிக்கு அம்மை வந்தா நுரையீரல் வரைக்கும் போயிடலாம், அதான் ஜாக்கிரதைன்னு சொல்றது.

ஓசூர்_நைட்ஷிப்ட் (புதன், மாலை)

ப்ரோ எனக்கு 38 வயசுலயே வந்துச்சு, வயசானவங்களுக்கு மட்டும்தான்னு நெனச்சிட்டு இருந்தேன். வலது இடுப்புல. பெங்களூர்ல வேலை, ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி பாத்துட்டு சர்ப்ப சுத்துன்னு சொல்லி அவங்களே பயந்துட்டாங்க, பாம்பு மாதிரி சுத்திக்கிட்டே போயி தலையும் வாலும் ஒண்ணு சேந்தா உயிர் போயிடுமாம். அந்த சிஸ்டர் சொன்ன மாதிரி நடுக்கோட்ட தாண்டாதுன்னா எங்க போயி சேரும், அன்னிக்கு இது தெரிஞ்சிருந்தா நிம்மதியா தூங்கியிருப்பேன்.

இன்னொரு காமெடி. சீட்டுல டாக்டர் ஹெர்பீஸ் ஜோஸ்டர்னு எழுதிட்டார். எங்க வீட்டம்மா மொதல் வார்த்தைய மட்டும் கூகிள்ல போட்டுப் பாத்துட்டு ரெண்டு நாள் என்கூட பேசல. ஆன்லைன்ல தேடப் போறவங்க தயவுசெஞ்சு ரெண்டு வார்த்தையையும் சேத்துத் தேடுங்க. வெறும் ஹெர்பீஸ்னு போட்டா வர்றது உடலுறவுல தொத்தற நோய், அது வேற வைரஸ் இது வேற வைரஸ், ஒரே குடும்பம், அவ்ளோதான். இதுக்கும் தப்பான நடத்தைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லன்னு டாக்டரே போன்ல பேசி சமாதானம் பண்ணி வெச்சார்.

எனக்கு ஏன் வந்துச்சுன்னு கேட்டா, அப்ப ஒரு ரிலீஸ் போயிட்டு இருந்துச்சு, மூணு மாசம் தூக்கமே இல்ல, டென்ஷன்தான் காரணம்னு நான் நம்பறேன்.

ரிடையர்டு_சிஸ்டர் (புதன், மாலை)

@ஓசூர்_நைட்ஷிப்ட் டென்ஷன்னால வரும்னு எல்லாரும் சொல்லுவாங்க, டாக்டர்களும் சொல்லுவாங்க. ஆனா ஆராய்ச்சில அது ஒரே மாதிரி வரல தம்பி, சிலதுல சம்பந்தம் இருக்குன்னு வருது, சிலதுல இல்லன்னு வருது. வயசு, எதிர்ப்பு சக்தி குறையறது, இந்த ரெண்டும் மாதிரி அடிச்சுச் சொல்ல முடியாது. தூக்கம் கெட்டா ஒடம்பு கெடும், அதுல சந்தேகம் இல்ல.

வேப்பமரத்தடி (புதன், இரவு)

எல்லாம் சரி, ஆனா அக்கி எழுதறத இப்படி ஒரேயடியா ஒதுக்கிட்டுப் போறது எனக்குப் புடிக்கல. எங்க அப்பத்தாவுக்கு வந்தப்ப மாத்திரையாவது மண்ணாங்கட்டியாவது. எங்க ஊர் குசவர் தெருவுல ஒரு தாத்தா இருந்தார், காவி மண்ண தண்ணியில கொழச்சு, கொப்புளத்த சுத்தி கோடு இழுத்து, அது மேல சிங்கம் மாதிரி ஒரு உருவம் போடுவார். ஏன் தாத்தா சிங்கம்னு கேட்டா அக்கிய அது தின்னுடும்பார். மூணு நாள் காலையில வெறும் வயித்துல போகணும். காசு வாங்க மாட்டார், வெத்தல பாக்கு மட்டும்தான். அப்பத்தா 91 வயசு வரைக்கும் இருந்துச்சு. அக்கிங்கற பேரே அக்னிலேருந்து வந்ததுன்னு சொல்லுவாங்க, நெருப்பு மாதிரி எரியறதால. அந்த எரிச்சலுக்கு குளிர்ச்சியா மண்ணு போட்டாங்க, இதுல என்ன தப்பு?

மருந்துக்கடைக்காரன் (புதன், இரவு)

தப்பு இல்லண்ணே. அக்கி தானா ரெண்டுலேருந்து நாலு வாரத்துல ஆறிடும், எழுதினாலும் ஆறும் எழுதாட்டியும் ஆறும், அதனால பேரு தாத்தாவுக்குப் போயிடுச்சு. கோடு போட்டதுக்கப்புறம் புதுக் கொப்புளம் அதத் தாண்டி வராதுங்கறதும் பாதி அதான், நரம்போட எல்லை அங்க முடியுது. பிரச்சனை மூணு நாள் எழுதப் போறதுல அந்த 72 மணி நேரம் போயிடுதே, அதுதான். இன்னொண்ணு, ஒடஞ்ச கொப்புளத்துல மண்ணு பட்டா சீழ் புடிக்கும். மாத்திரைய ஆரம்பிச்சுட்டு, மனசு கேக்கலன்னா தாத்தாகிட்ட போயி ஒரு ஆசிர்வாதம் வாங்கிட்டு வரட்டும், நான் தடுக்க மாட்டேன்.

@காவேரிக்கரை_34 தம்பி, சிஸ்டர் கேட்ட கேள்விக்கு நீங்க பதில் சொல்லல. அப்பா வேற என்ன மாத்திரை சாப்பிடறார்? விவசாயம் பாக்கறவர், 66 வயசு, முட்டி வலி இல்லாம இருக்காது. அதுக்கு என்ன எடுத்துக்கறார்னு கேளுங்க. பேரு இல்லாத பொட்டலமா இருந்தாலும் விடாதீங்க.

ஈரோட்டு_மஞ்சள் (புதன், இரவு)

நெஞ்சுல வந்ததுக்கு சந்தோஷப்படுங்கோ. எங்கம்மாளுக்கு நெத்தியில வந்துச்சுங்க, 71 வயசு. வலது பக்கம் நெத்தி, கண்ணு எமை, மூக்கு நுனி வரைக்கும். பூச்சி கடிச்சிருச்சுன்னு நெனச்சு நாலு நாளு மஞ்சளும் வேப்பெலையும் அரைச்சுப் போட்டுட்டு இருந்தோமுங்க. அஞ்சாம் நாளு கண்ணு செவந்து வெளிச்சத்தப் பாக்க முடியலீன்னு அழுதாங்க. கண் டாக்டர் மூக்கு நுனியத்தான் மொதல்ல பாத்தாருங்க, அங்க கொப்புளம் இருந்தா கண்ணுக்குள்ளயும் போயிருக்க சான்ஸ் ஜாஸ்தியாம், ரெண்டுக்கும் ஒரே நரம்பு போகுதாம். கருவிழியில புண்ணு. மாசக்கணக்குல சொட்டு மருந்து, இப்பவும் அந்தக் கண்ணுல ஒரு மங்கல் இருக்குதுங்க. நெத்தி, கண்ணு, மூக்குல வந்தா யாரும் ஒரு நாளு கூட வீட்டுல வெச்சிருக்காதீங்கோ. காதுல வந்தா வாய் கோணிக்கும்னும் சொன்னாரு, எங்க பக்கத்து வீட்டு அண்ணனுக்கு அப்படித்தான் ஆச்சுதுங்க.

நூலகப்பூச்சி (வியாழன், காலை)

அந்த எதிர்வீட்டுப் பையன் பாவம், அவனுக்காக நான் ஆஜராகறேன்.

ஊர்ல அம்மை இருக்கறப்ப அங்கேருந்துதான் அக்கி வருதா இல்ல உள்ளேருந்தே வருதான்னு உங்க அத்தை கேட்ட அதே கேள்விய ஒரு டாக்டர் வருஷக்கணக்கா ஒக்காந்து ஆராய்ஞ்சார். எட்கர் ஹோப்-சிம்ப்சன்னு பேரு, இங்கிலாந்துல சைரன்செஸ்டர்னு ஒரு சின்ன ஊர்ல சாதாரண குடும்ப டாக்டர். பெரிய லேப் எல்லாம் கெடையாது. தன்கிட்ட வர்ற 3500 பேருல யாருக்கு அக்கி வந்துச்சு, எப்ப, எந்த வயசுல, ஒடம்புல எந்த எடத்துல, வீட்ல அம்மை இருந்துச்சான்னு 16 வருஷம் நோட்டுல எழுதிக்கிட்டே வந்தார். மொத்தம் 192 பேரு. பாத்தா, அம்மை சீசன் சீசனா அலை மாதிரி வருது, போகுது. அக்கி அப்படி இல்ல, வருஷம் பூரா ஒரே மாதிரி சொட்டு சொட்டா வந்துக்கிட்டே இருக்கு, ஊர்ல அம்மை இருந்தாலும் இல்லாட்டியும். அப்ப தொத்துனால அக்கி வருதுன்னு எப்படிச் சொல்றது? ஸ்காட்லாந்துக்கு வடக்க ஷெட்லாந்து தீவுகள்ல யெல்னு ஒரு தீவு, அங்கயும் போயி வீடு வீடா விசாரிச்சார். தீவுன்னா யாரு வந்தா யாரு போனான்னு கணக்கு தெரியுமில்ல.

1965ல கட்டுரை போட்டார். அம்மை வைரஸ் நரம்பு முடிச்சுல தூங்குது, எதிர்ப்பு சக்தி ஒரு அளவுக்குக் கீழ எறங்கறப்ப வெளிய வருதுன்னு. இன்னொரு விஷயமும் சொன்னார், அம்மை போட்ட கொழந்தைங்க பக்கத்துல இருக்கறது பெரியவங்களோட எதிர்ப்பு சக்திய தூண்டிவிடுமே தவிர கொறைக்காதுன்னு. அதாவது எதிர்வீட்டுப் பையன் உங்கப்பாவுக்கு நல்லதுதான் பண்ணியிருக்கான்! (இது எவ்ளோ தூரம் உதவும்ங்கறதுல இன்னும் வாதம் நடக்குது, ஆனா கெடுதல்னு யாரும் சொல்லல.) 85 வயசு வரைக்கும் வாழ்றவங்கள்ல பாதி பேருக்கு ஒரு தடவயாவது அக்கி வந்துடும்னு கணக்கு போட்டதும் அவர்தான்.

அது அவர் சொன்னப்ப ஒரு ஊகம்தான். 1980கள்ல, ஒரே ஆளுக்கு மொதல்ல வந்த அம்மையிலேருந்தும் பின்னாடி வந்த அக்கியிலேருந்தும் வைரஸ எடுத்து மரபணுவ ஒப்பிட்டுப் பாத்தாங்க, ரெண்டும் ஒண்ணு. அத்தைகிட்ட சொல்லி எதிர்வீட்டுக்கு ஒரு சாரி கேக்கச் சொல்லுங்க.

பெல்ட்டு மாதிரின்னு எழுதியிருந்தீங்க இல்ல, ஜோஸ்டர்னா கிரேக்கத்துல இடுப்புக் கச்சைதான்.

டியூப்லைட்_பூச்சி (வியாழன், காலை)

ஒரு சின்ன குறுக்கீடு. எல்லா எரியற கொப்புளமும் அக்கி இல்ல. எங்க மாமாவுக்கு கழுத்துல கோடா எரிஞ்சு கொப்புளம் வந்து அக்கின்னு அமளி பண்ணி, கடைசில பாத்தா மழை நாள்ல டியூப்லைட்டுக்கு வருமே கறுப்பும் ஆரஞ்சுமா எறும்பு மாதிரி ஒரு பூச்சி, அத கழுத்துலயே நசுக்கியிருக்கார். அது ஒடம்புக்குள்ள இருக்கற தண்ணி பட்டா தோல் வெந்துடும். பெரியம்மாங்க பூச்சின்னு சொல்றது அதப் பாத்துதானோ என்னவோ. ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் உள்வலி வராது.

காவேரிக்கரை_34 (வியாழன், இரவு)

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்தே கூட்டிட்டுப் போய்ட்டோம். அக்கிதான்னு பாத்ததுமே சொல்லிட்டார், வாலாசைக்ளோவிர் 1 கிராம் மூணு வேளை ஏழு நாளைக்கு, கூடவே நரம்பு வலிக்கு ராத்திரி ஒரு மாத்திரை, கொப்புளத்துக்குத் தடவ ஒரு லோஷன். அப்பாவுக்கு எட்டு வயசுல அம்மை போட்டிருக்கு, அத்தையே சொன்னாங்க, அவங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் போட்டுதாம், ஒரே பாயில வேப்பிலைல படுக்க வெச்சிருந்தாங்களாம். எதிர்வீட்டு மேட்டர் அதோட குளோஸ்.

ஆனா மருந்துக்கடை அண்ணன் கேட்டீங்க பாருங்க அந்தக் கேள்வி. நான் அப்பாகிட்ட கேட்டப்ப மாத்திரை எதுவும் இல்லன்னுட்டார். அம்மாதான் அலமாரிலேருந்து ஒரு டப்பாவ எடுத்துட்டு வந்தாங்க. முட்டி வலிக்கு பக்கத்து ஊர்ல ஒருத்தர்கிட்ட வாங்கறார், பேப்பர்ல மடிச்ச பொட்டலம், நாட்டு மருந்துன்னு சொல்லித்தான் குடுக்கறாராம், ஒன்றரை வருஷமா தெனமும் சாப்பிடறார். சாப்பிட்ட அன்னிக்கே வலி பறந்துடும், பசி நல்லா எடுக்குதுன்னு ஊர் பூரா பெருமையா சொல்லிட்டு இருந்திருக்கார். மொகம் கொஞ்சம் உப்பியிருந்துச்சு, நாங்க ஒடம்பு தேறிடுச்சுன்னு சந்தோஷப்பட்டோம். டாக்டர்கிட்ட காட்டினோம், பொடிச்ச மாத்திரை மாதிரி இருக்கு, பாத்தா ஸ்டீராய்டு கலந்திருக்கும்னு சந்தேகமா இருக்குன்னார். சுகரும் பாத்தாங்க, சாப்பிட்டப்புறம் 286. இதுவரைக்கும் சுகரே இல்லன்னு நெனச்சிட்டு இருந்த மனுஷன்.

இப்ப அப்பா நான் அந்தப் பொட்டலத்த இன்னியோட நிறுத்திடறேன்னு குப்பையில போடப் போய்ட்டார்.

மருந்துக்கடைக்காரன் (வியாழன், இரவு)

நிறுத்த விடாதீங்க!! குப்பையிலேருந்து எடுங்க. டாக்டர் என்ன சொன்னார் அதப் பத்தி?

மாசக்கணக்கா ஸ்டீராய்டு உள்ள போனா ஒடம்பு தானா சுரக்கறத கொறைச்சுக்கும், திடீர்னு நிறுத்தினா பிபி எறங்கி மயக்கம் போட்டு ஐசியூ வரைக்கும் போகும். டாக்டர் மேற்பார்வையில கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொறைக்கணும். நான் கேட்டதுக்குக் காரணமே இதான் தம்பி, என் கடைக்கு அக்கி சீட்டோட வர்ற வயசானவங்ககிட்ட நான் கேக்கற மொதல் கேள்வி முட்டி வலிக்கு என்ன சாப்பிடறீங்கன்னுதான். ஸ்டீராய்டு வீக்கத்த அமுக்கும், வலி போகும், அதே கையோட உள்ள காவல் காக்கற எதிர்ப்பு சக்தியையும் அமுக்கிடும், சுகரையும் ஏத்திடும். பசி எடுக்கறது, மொகம் உப்பறது ரெண்டும் அதோட அடையாளம்தான். எல்லா நாட்டு வைத்தியரும் இப்படின்னு சொல்லல, ஒழுங்கா பண்றவங்க இருக்காங்க, ஆனா சாப்பிட்ட அன்னிக்கே வலி பறந்துச்சுன்னா சந்தேகப்படணும்.

காவேரிக்கரை_34 (வியாழன், இரவு)

டாக்டரும் இதையேதான் சொன்னாராம் அண்ணே, அம்மாகிட்ட. நான் பில்லு கட்டப் போயிருந்தேன், அம்மா மறந்துட்டாங்க. இப்ப ஃபோன் போட்டுக் கேட்டுட்டேன், காலையில பொட்டலத்தோட வரச் சொல்லியிருக்கார், எழுதிக் குடுத்து படிப்படியா கொறைக்கலாம்னார். டப்பா பத்திரமா இருக்கு.

ஓசூர்_நைட்ஷிப்ட் (வியாழன், இரவு)

யப்பா. சூடுன்னு ஆரம்பிச்சு எங்க வந்து நிக்குது பாருங்க.

லண்டன்_யாழ் (வெள்ளி, அதிகாலை)

வணக்கம் தம்பி. எனக்கும் ரெண்டு வருசத்துக்கு முதல் வந்தது, அப்ப வயசு 63. எங்கட ஊரில கொப்பளிப்பான் எண்டு சொல்லுவம் அம்மைய, எனக்கு பத்து வயசில வந்தது, அது இவ்வளவு காலம் எனக்குள்ள இருந்திருக்கு எண்டு நினைக்கவே ஒரு மாதிரிக் கிடந்தது, ஊரை விட்டு வந்து எத்தினை வருசம், அது மட்டும் விசா இல்லாமலே என்னோட வந்திருக்கு.

கொப்புளம் மூண்டு கிழமையில மாறீட்டுது, நோ மட்டும் ஏழு மாசம் நிண்டது. மூண்டு மாசத்துக்கு மேல நிண்டால் அதுக்கு வேற பேர், கொப்புளம் போன பிறகும் நரம்பு பழுதாகி நிக்கிற நோ. வயசு கூடக் கூட அதுவும் கூடவாம். பெனியன் போட ஏலாது, காத்து பட்டாலே குத்தும். கபாபென்டின் தந்தவை, மெல்ல மெல்லத்தான் குறைஞ்சது. அப்பாவுக்கு கொப்புளம் காய்ஞ்ச பிறகும் நோ எண்டு சொன்னால் சும்மா சொல்லுறார் எண்டு நினையாதேங்கோ, அதுக்கு வேற குளிசை இருக்கு, சாதாரண நோக் குளிசை கேக்காது.

இஞ்ச 2023 செப்டெம்பரில இருந்து 65 வயசு ஆகிறவைக்கு அக்கித் தடுப்பூசி சும்மாவே போடினம், எனக்கும் போன மாசம் மெசேஜ் வந்து முதல் ஊசி போட்டாச்சு. ஒருக்கா வந்தவைக்கும் திரும்ப வரலாம் எண்டபடியால் போடச் சொன்னவை. உங்கட பக்கத்தில கிடைக்குதோ?

ரிடையர்டு_சிஸ்டர் (வெள்ளி, காலை)

கெடைக்குதுங்க ஐயா, ஷிங்க்ரிக்ஸ்னு 2023லேருந்து இந்தியாவுலயும் இருக்கு, 50 வயசுக்கு மேல, ரெண்டு ஊசி, ரெண்டுலேருந்து ஆறு மாசம் இடைவெளி. அதுல உயிருள்ள வைரஸ் கெடையாது, வைரஸோட ஒரு புரதம் மட்டும்தான், அதனால எதிர்ப்பு சக்தி கொறைஞ்சவங்களுக்கும் போடலாம். 50 தாண்டினவங்கள்ல நடந்த பெரிய சோதனைல 97 சதவீதம் தடுத்துச்சு, 70க்கு மேலயும் 90 பக்கம் வந்துச்சு. அரசாங்கம் இலவசமா போடற லிஸ்ட்ல இல்ல, கைக்காசு போட்டுத்தான் போடணும், ரெண்டு டோஸுக்கும் சேத்து ஒரு நடுத்தரக் குடும்பம் ரெண்டு தடவ யோசிக்கற விலைதான். இப்ப வந்திருக்கற அக்கிய இது சரி பண்ணாது, ஆறினப்புறம் எப்ப போடலாம்னு டாக்டர்கிட்ட கேளுங்க. 70 வயசுல அக்கி கண்ணுல வந்து நிக்கறத பாத்தவ நான், காசு இருக்கறவங்க போட்டுக்கலாம்னுதான் சொல்லுவேன்.

வேப்பமரத்தடி (வெள்ளி, மாலை)

லண்டன் ஐயா சொன்ன அந்த வலி, எங்க அப்பத்தாவுக்கும் இருந்துச்சுன்னு இப்பதான் தோணுது. அக்கி ஆறி ரெண்டு வருஷம் கழிச்சும் அந்தப் பக்கம் ரவிக்க போட மாட்டா, வெறும் சேலைய தளர்வா போத்திக்குவா. சின்னப் பசங்க நாங்க கிண்டல் பண்ணுவோம். நான் சிங்கம் தின்னுடுச்சுன்னு நெனச்சிட்டு இருந்தேன்.

காவேரிக்கரை_34 (அடுத்த புதன், இரவு)

கடைசி அப்டேட். கொப்புளம் எல்லாம் காஞ்சு பொருக்கு தட்டிடுச்சு, புதுசா எதுவும் வரல. எரிச்சல் பாதியா கொறைஞ்சிருக்கு, ராத்திரி மட்டும் கொஞ்சம் இருக்குன்றார், அந்த மாத்திரைய தொடரச் சொல்லியிருக்காங்க. சுகருக்கு மாத்திரை ஆரம்பிச்சாச்சு. பொட்டலத்துக்கு பதிலா டாக்டர் குடுத்த மாத்திரை, அளவு கொறைஞ்சுக்கிட்டே போகுது, முட்டி வலி திரும்ப வந்துடுச்சுன்னு ஒரே பொலம்பல், அதுக்கு எலும்பு டாக்டர்ட்ட தனியா பாக்கணும்.

தங்கச்சிக்கு அம்மை போட்டுதா இல்லையான்னு அம்மாவுக்கே ஞாபகம் இல்ல, எனக்குப் போட்டதையும் அவளுக்குப் போட்டதையும் போட்டுக் கொழப்பிட்டாங்க. ரத்த டெஸ்ட் எடுத்தோம், எதிர்ப்பு சக்தி இருக்குன்னு வந்துடுச்சு. அப்புறம் பாத்தா அவ புருவத்துக்கு மேல ஒரு சின்ன குழி, அம்மைத் தழும்புதான், இத்தன வருஷமா சைக்கிள்லேருந்து விழுந்ததுன்னு சொல்லிட்டு இருந்தா.

வளைகாப்பு வெள்ளிக்கிழமை. அப்பா மேல்துண்டு மட்டும்தான் போத்திக்கிட்டு உக்காருவேன், சட்டை போட மாட்டேன்னுட்டார். பெரியம்மா மட்டும் இன்னும் வேளார் வீட்டுக்கு ஒரு நடை போயிட்டு வந்துருக்கலாம்னு சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க. எதிர்வீட்டுப் பையனுக்கு அத்தை கையாலயே அதிரசம் குடுத்தாச்சு.